படுக்கையில் வெள்ளிவிழா மணப்பெண்

டாக்னி தன் வெள்ளிவிழா மணநாள் காலையில் படுக்கையைவிட்டு எழவில்லை. ஏன் என்பது போர் முடிந்த பிறகுதான் எங்கள் ஊருக்குத் தெரிந்தது.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடமானால், விடியலில் ஊரே வாசலுக்கு வந்து கொம்பூதிப் பாடி எழுப்பும். தூங்குவதுபோல் கிடக்கும் தம்பதி திடுக்கிட்டு வெளியே வரவேண்டும். பிறகு எல்லோருக்கும் காபி, ரொட்டி. முதல் நாள் மாலையே டாக்னியின் வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டிவிட்டோம்.

ஜெர்மன்காரர்கள் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. அவள் கணவன் தோர்வால், ரகசியமாக ஆயுதம் போட வரும் ஆங்கிலேய விமானங்களுக்குத் தரையிலிருந்து விளக்குக் காட்டுகிறவன். எந்த இரவு விமானம் வரும் என்பதை லண்டன் வானொலி சொல்லும். அது கல்யாண நாள் பார்ப்பதில்லை. அன்றிரவு விழுந்த ஆயுதப் பெட்டிகளைக் கூட்டாளிகள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பாராசூட் மட்டும் அவன் கொட்டகை ஓரத்து மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை அறுத்து இறக்கி, சதுப்பில் புதைக்கக் கிளம்பியபோது சாலையில் கொம்பு கேட்டது. முற்றத்தையே மூடும் அளவு துணி. தோர்வால் அதை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடி மெத்தைமேல் பரப்பினான்.

“ஏறிப் படு.”

“கயிறு குத்துதுய்யா.”

“குத்தட்டும். காய்ச்சல்னு சொல்லு.”

இறகுப் போர்வையை அவள் மேல் இழுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

“என்ன மாப்ளே, பொண்ணு எங்க?” என்றான் கொம்பூதிய லவ்ரிட்ஸ். “இன்னுமா வெக்கம்?”

“காய்ச்சல்.”

“உன்கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்தினா வராதா பின்னே?”

சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே வந்தார்கள். பெண்கள் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்து வாழ்த்திவிட்டுக் காபிக்குப் போனார்கள். வால்போர்க் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மகன் எகொன் ஜெர்மன் படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்குப் போயிருந்தான். அவன் கடிதங்களை ஜெர்மன் முகாம்காரன் ஒருவன் சைக்கிளில் கொண்டுவந்து தருவான். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

“இப்படி வேர்க்குதே உனக்கு. கொஞ்சம் பொரளு, படுக்கையத் தட்டிப் போடறேன்.”

“அசைஞ்சா தலை சுத்துது.”

“அப்ப அசையாத.”

வால்போர்க் கோழிகளைப் பற்றிப் பேசினாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். எழுந்து போக முடியாத ஒருத்தி கிடைத்துவிட்டாள். டாக்னிக்கு இடுப்பில் பாராசூட்டின் கொக்கி அழுத்தியது. சிறுநீர் முட்டியது. அவள் கையை வால்போர்க் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் மற்ற எல்லோரும் கிளம்பினார்கள். போகும்போது லவ்ரிட்ஸ் சொன்னது அறைக்குள் கேட்டது: “ராத்திரி விமானம் வந்துச்சாமே. ஜெர்மன்காரனுங்க தேவாலயத்துப் பக்கமிருந்து வீடு வீடா கிண்டிட்டு வர்றானுங்க.”

துணி அகப்பட்டால் தோர்வாலைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள்.

அவன் அறை வாசலில் வந்து நின்றான். “நான் பாத்துக்கறேன் வால்போர்க். நீ போ, உனக்கு எதுக்குச் சிரமம்?”

“ஆம்பளைக்கு சூப் வைக்கத் தெரியுமா? ராத்திரியும் இங்கயே படுத்துக்கறேன். எனக்கு வீட்ல யாரு காத்திருக்கா?”

அவன் மனைவியைப் பார்த்தான். டாக்னி கூரையைப் பார்த்தாள்.

“உன் கை என்மேல படறது எனக்குப் புடிக்கல, வால்போர்க்.”

“என்னது?”

“உன் மகன் அங்க யாரையோ சுட்டுட்டிருக்கான். நீ இங்க வந்து என் கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்க. இந்த வீட்ல உன்னை யாரும் கூப்பிடல. போ.”

வால்போர்க் அவள் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தாள். சமையலறையில் கோப்பையைக் கழுவித் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெளிக்கதவு.

தோர்வால் துணியை வண்டியில் சாணிக்கு அடியில் போட்டுச் சதுப்புக்குக் கொண்டுபோனான். சோதனைக்காரர்கள் வந்தபோது டாக்னி எழுந்து, முதுகில் கயிற்றுத் தடங்களோடு, அவர்களுக்குக் காபி ஊற்றினாள். படுக்கையைத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தார்கள். வெறும் இறகு.

போர் முடிந்த கோடையில் டாக்னி வால்போர்க்கின் வீட்டுக்குப் போனாள். எகொன் செத்த செய்தி அதற்குள் வந்திருந்தது. வால்போர்க் கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலில் நின்றபடியே டாக்னி எல்லாவற்றையும் சொன்னாள்: மரம், துணி, படுக்கை, சோதனை.

“உன்னை அனுப்பறதுக்குத்தான் அப்படிப் பேசினேன்.”

வால்போர்க் கேட்டாள்:

“அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். டாக்னி வாயைத் திறந்தாள். அது வரவில்லை.