வீக்கம் வற்றிய பிறகு

“நடிப்பாமா நடிப்பு! கோப்பை ஆட்டத்துல ரெண்டாந்தடவ மண்டையில அடிபட்டு, நாலு மாசமா வெளிச்சம் ஆகாம இருட்டுல கெடக்கறா எம்பேத்தி. எம்பேரச் சொல்லவே யோசிக்கறா. உனக்கு அது நடிப்பா?” என்று பக்கத்து வீட்டு ஜோதியிடம் இன்றும் சண்டை போட்டேன்.

சண்முகப்பிரியாவுக்குப் பதினாறு வயது. கபடியில் அவள் பிடி போட்டால் யாரும் தப்ப முடியாது. மேட்டூர் ஆட்டத்தில்தான் முதலில் விழுந்து பின்மண்டையில் அடிபட்டாள். மூன்று வாரம் ஆட்டம், படிப்பு, செல்போன் எதுவும் கூடாது, ஓய்வுதான் மருந்து என்றார் டாக்டர். ரத்தம் வரவில்லை. நான் உப்பு ஒத்தடம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வீக்கம் வற்றியது. குணமாகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

எட்டாம் நாள் கோப்பை ஆட்டத்துக்கு வேன் வந்தது. “ஊட்டுல குந்திக்கறதுக்குத் தலவலி நல்ல சாக்குங்க பெரியம்மா,” என்று ஜோதி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

“இன்னும் கிறுகிறுங்குது அம்மிச்சி,” என்றாள் பிரியா.

“வீக்கமே இல்லியே சாமி. போயிட்டு வா,” என்று நான்தான் தலை பின்னிவிட்டேன்.

செருப்பு மாட்டக் குனிந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“வாரேன் அம்மிச்சி,” என்று வாசலைத் தாண்டிப் போனாள்.