தண்ணீர் வரிசையில் எடுத்த முதல் படம்

மும்பை மாட்டுங்காவில் ஒரு சிற்றுண்டிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருபது பேர் கூடிப் படம் பார்க்கிறோம். ஒரே ஒரு விதிதான். எடுத்தவருக்கு அது முதல் படமாகவோ இரண்டாவது படமாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது படத்துக்கு வந்துவிட்டவர்களைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குக் கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வரும்போது விவாதங்கள் தாமாகவே சுருங்கிவிடும்.

அங்கே குறிப்பெடுப்பது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். செம்பூரில் ஒரு நிறுவனத்தில், தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். வாரம் முழுவதும் அளவுகளை எழுதுகிற கைக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கத் தெரியாது. வருடக் கடைசியில் அந்தக் குறிப்புகளிலிருந்து, இனிமேல் கவனிக்க வேண்டிய புது இயக்குநர்கள் என்று ஒரு பட்டியல் செய்து குழுவுக்கு அனுப்புவேன். பெயருக்கு எதிரே ஒரு வரிதான் இருக்கும். அதில் கதையை எழுத மாட்டேன்; அவர் எடுத்த ஒரு முடிவை எழுதுவேன்.

பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட இருவரைப் பற்றிய படத்தில் கேமராவைக் கடைசிவரை வெளியே, மாடிப்படியிலேயே வைத்திருந்தார் ஒருவர். இன்னொருவர், அப்பா இறந்த வீட்டைப் பற்றிய படத்தில் யாரையும் அழவிடாமல், வந்தவர்களுக்கு நாற்காலி போதாததை மட்டும் காட்டினார். இப்படித்தான் என் வரிகள் இருக்கும். போன வருடம் நான்காவதாக எழுதிய பெண்ணுக்கு எதிரே மட்டும் என்னால் ஒரு வரியில் நிறுத்த முடியவில்லை. அவள் அந்த முடிவை எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அப்படியொரு முடிவை எடுக்க வேண்டி வந்ததே என் தவறால்தான்.

அவள் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். எங்கள் குழுவில் ஆறு மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாவது மாதம் படம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க எல்லாத்தையும் எழுதுதீங்கல்லா. எனக்கு ஒரு ரெண்டு நாள் வந்து எழுதித் தருவீங்களா?"

குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட புதிய இயக்குநர்களுக்கு ஒரு போட்டி. பதினைந்து நிமிடப் படம் அனுப்ப வேண்டும். தேர்வாகும் ஆறு பேருக்கு முழுநீளப் படம் எடுக்க ஒரு வருடம் துணை நிற்பார்கள். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை மாலைதான் கடைசி. அடுத்த முறைக்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். மற்றக் காட்சிகளையெல்லாம் விடுமுறை நாட்களில் எடுத்து முடித்திருந்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று. படத்தின் கடைசிக் காட்சி.

கதை எளிமையானது. வேலை தேடிக் களைத்த ஒரு பெண், காலைத் தண்ணீர் வரிசையில் எல்லாரும் கேட்டுக் குடைவது தாங்காமல், வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொல்கிறாள். வரிசையில் நிற்கும் அத்தை ஒருத்தி அதைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்தது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி. வரிசையில் நின்றவர்கள் அந்தத் தெருவில் தினமும் உண்மையாகவே தண்ணீருக்கு நிற்கும் ஏழு பெண்கள். அவர்களிடம் அவள் முழுக்கதையைச் சொல்லவில்லை. சொன்னால் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று பயம். "அவ ஒரு சங்கதி சொல்லுவா, நீங்க கேளுங்க, அவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொண்டாள். பொய்யை உடைக்க வேண்டியவரிடம்கூட அதைக் கடைசி நிமிடத்தில்தான் சொல்வதாக இருந்தாள்.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. முக்கால் மணி நேரம்தான் வரும். முதல் பாதியை எடுத்தோம். தெருவுக்கே அத்தையான ஒருவர், தன் குடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சாண் முந்தி வாளி வைத்ததற்காகப் போட்ட சண்டையும் அதில் பதிவானது. அது நடிப்பில்லை. மாணவி பொய்யைச் சொல்லி முடிக்கவும் குழாய் இருமி நிற்கவும் சரியாக இருந்தது. தண்ணீர் இல்லாத குழாயின் முன் மீதியை எடுக்க முடியாது. மறுநாள் காலை தொடர்வதென்று முடிவாயிற்று.

என் வேலை, முதல்நாள் எது எப்படி இருந்ததோ அது மறுநாளும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நான் எழுதியிருந்தேன். முதல் ஆள்: நீலப் பூப்போட்ட நைட்டி, தோளில் வெள்ளைத் துண்டு, இரண்டு குடம், ஒன்று நெளிந்தது. இரண்டாம் ஆள்: மெரூன் நைட்டி, சிவப்பு வாளி, பாதி தண்ணீர். இப்படி ஏழு பேருக்கும், செருப்பு வரைக்கும். இரண்டு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு நான் போனபோது ஏழு பேரும் வரிசையில் தயாராக நின்றிருந்தார்கள். ஏழு பேரும் பட்டுச்சேலையில்.

அத்தை அரக்கு நிறப் பட்டில்; மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. அடுத்தவர் கழுத்தில் இரட்டைச் சங்கிலி. கடைசியில் நின்ற சித்தி ஒருவர் சர்ச்சுக்குக் கட்டும் சந்தன நிறப் பட்டில். ஏழு தலையிலும் மல்லிகைப்பூ. நடுவில் அதே நெளிந்த குடம், அதே சிவப்பு வாளி.

அவள், எங்கள் டைரக்டர், வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தாள்.

"அத்த, என்ன இது?"

"பட்டு. கண்ணு தெரியலையாட்டி?"

"நேத்து நைட்டியில்லா போட்டிருந்தீங்க!"

"நேத்து தூக்கக் கலக்கத்துல வந்து நின்னுட்டோம். வீட்டுக்குப் போயில்லா யோசிச்சிப் பாக்கேன். ஊர்ல எங்க அண்ணன் மக்க பாத்தா என்ன சொல்லுவாவ? பம்பாய்ல அத்த நைட்டியோட தெருவுல நிக்கான்னு சொல்ல மாட்டாவளா?"

"எல்லாரும் நைட்டிதான அத்த போடுதாவ?"

"போடுதோம். சினிமாவுலயா போடுதோம்?"

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். சித்தி இன்னும் ஒரு படி மேலே போனார். "அந்த நேத்தைய படத்த அழிச்சிரு மக்ளே. இன்னிக்கு மொதல்லருந்து எடு. எனக்கு எட்டரைக்கு சர்ச்சுக்குப் போணும், அதுக்குள்ள முடிச்சிரு."

அத்தை என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டார். "ஏ இஞ்சினீரு, எழுதிக்கோ. ஆளுக்கு ரெண்டு முழம் மல்லி. தாதர்ல போய் வாங்குனது."

நான் எழுதவில்லை. ஏழு பேர் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று செருப்பு வரை எழுதிய நான், நாளைக்கும் இதையே போட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஏழு பேரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கருவிகளோடு வேலை செய்து பழகிவிட்டால் இப்படித்தான் ஆகிறது. வைத்த இடத்தில் வைத்த மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

கேமராமேன் பாண்டுப்பில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வேலை செய்யும் பையன். கேமரா ஸ்டுடியோவினுடையது. "மேட்ச் ஆவாது. ஒரு ஷாட்ல நைட்டி, அடுத்த ஷாட்ல பட்டு, மேஜிக் ஷோ மாதிரி இருக்கும்" என்றான். "ஒம்போது மணிக்கு நான் முகூர்த்தத்துல நிக்கணும். ஸ்டுடியோ சேட்டு போன் மேல போன் பண்றாரு."

நான் கணக்குப் போட்டேன். ஒருவர் பட்டை அவிழ்த்து நைட்டிக்கு மாற நான்கு நிமிடம். ஆளாளுக்கு வீடு பக்கம்தான், ஒரே நேரத்தில் மாறினால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். நைட்டியை ஊற வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டேன். ஐந்து பேர்.

டைரக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். குழாய் காற்றை ஊதியது. தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாளோ என்று நினைத்தேன். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

"அக்கா, இது அடுத்த நாள்" என்றாள்.

"எது?"

"இந்த சீன். நேத்து அவ பொய் சொன்னா. இன்னிக்கு அடுத்த நாள். இவிய எதுக்குப் பட்டு கெட்டிட்டு வந்திருக்காவ? தெருப்புள்ளைக்கு வேலை கெடச்சிருக்குன்னு."

"அப்போ பொய்யை யாரு போட்டு உடைக்கிறது?"

"ஒருத்தரும் உடைக்க வேண்டாம்."

"முடிவு?"

"தெரியல. பாப்போம்."

பாப்போம் என்ற சொல்லை என் வேலையிடத்தில் யாராவது சொன்னால் நான் அந்தக் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

அவள் பெண்களிடம் போனாள். "நேத்து இந்தப் புள்ள வேலை கெடச்சிருச்சின்னு சொன்னால்லா? இன்னிக்கு மொத நாளு, வேலைக்குக் கெளம்புதா. உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. கேமராவப் பாக்காதீங்க, அவளப் பாருங்க." மாணவியின் காதில் தனியாக ஏதோ சொன்னாள். பிறகு கையைக் காட்டினாள்.

மாணவி குடத்தோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, நீ என்ன இங்கன நிக்க?" என்றார் அத்தை, வரிசையின் முதலிலிருந்து. "ஆபீசுக்கு நேரமாவலையா?"

"பரவாயில்ல அத்த."

"என்ன பரவாயில்ல? மொத நாளே பிந்திப் போனா மேனேஜர் ஏச மாட்டானா? ஏ, எல்லாரும் கொடத்த எடுங்க. புள்ள புடிச்சிட்டுப் போட்டும்."

யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். ஏழு பட்டுச்சேலைகள் ஒதுங்கின. குடங்களும் வாளிகளும் தரையில் உரசிப் பின்னுக்கு நகர்ந்தன. முந்தைய நாள் ஒரு சாணுக்காகச் சண்டை போட்ட அதே அத்தை, நிறைந்துகொண்டிருந்த தன் குடத்தைப் பாதியில் எடுத்துவிட்டுக் குழாயை விட்டுக்கொடுத்தார். அந்தத் தெருவில் சாப்பாடு கேட்காமலே வரும்; அவசரமென்றால் நகையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள். தண்ணீர் முறையை யாரும் யாருக்கும் விட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மாணவி குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்தாள். கதையில் அவளுக்குப் போக ஒரு ஆபீசும் இல்லை. சித்தி பின்னாலிருந்து வந்து, தன் தலையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி அவள் பின்னலில் செருகினார். அந்தப் பெண் நிமிரவே இல்லை. குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்தது, வழிந்தது.

"நெறஞ்சாச்சு மக்ளே, எடு" என்றார் சித்தி, உண்மையாகவே.

அவள் எடுக்கவில்லை. தண்ணீர் வழிந்து பட்டுச்சேலைகளின் ஓரம்வரை வந்தது. டைரக்டர் நிறுத்து என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று. சொன்னபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கேமராமேன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் எதற்கென்று தெரியாமலே கைதட்டினேன்.

"சரி, என்ன வேலைட்டி அவளுக்கு? பேங்கா?" என்று கேட்டார் அத்தை.

டைரக்டர் தலையைச் சொறிந்தாள். "வேலை ஒண்ணும் இல்ல அத்த. அவ பொய் சொல்லுதா. அதுதான் கதை."

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பொய்யா! சவத்த மூதி, பொய்க்கா நான் என் கொடத்த எடுத்தேன்?"

அப்போதுதான் எல்லாரும் குழாயைப் பார்த்தோம். அன்றைக்கென்று சீக்கிரமே நூல் மாதிரி ஒழுகத் தொடங்கியிருந்தது, பிறகு அதுவும் நின்றது. மாணவியின் குடத்தையும் அத்தையின் அரைக்குடத்தையும் தவிர எல்லாம் காலி. மாணவிக்கு முகமெல்லாம் பயம். ஆனால் அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கப் பூ ஆடியது. "படத்த ஊர்ல பாக்கட்டும். என்னா மாதிரி ஏமாந்திருக்கேன் பாரு, பட்டு கெட்டிக்கிட்டு!"

கேமராமேன் பாண்டுப்புக்கு ஓடினான். நானும் டைரக்டரும் மாணவியும் இரண்டு தெரு தள்ளி, எட்டு மணிக்குத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து ஏழு வீட்டுக்கும் சுமந்தோம். அந்த வரிசையில் நிற்க வேறு அத்தைகளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நாங்கள் சுமந்து முடிக்கும்வரை ஏழு பேரும் பட்டோடு வாசலில் நின்று, எந்தக் குடம் தளும்புகிறது என்று மேற்பார்வை பார்த்தார்கள். சித்தி மட்டும் எட்டேகாலுக்குச் சர்ச்சுக்குக் கிளம்பிப் போனார்.

அன்று பகலும் மறுநாள் பகலும் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாள். திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்து, சத்தம் சரியாக இருக்கிறதா, எழுத்துகள் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுத்தேன். மாலை நான்கரைக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதில் வந்தது. நெளிந்த குடம் இரண்டு நாளிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. அதை மட்டும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, செம்பூர் ஸ்டேஷன் படியில் இறங்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மாட்டுங்காவில் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறு பேர்ல நானும் இருக்கேன்க்கா."

படியின் நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். அவள் முடியாது என்றாள். இன்னும் மூன்று வீடு பாக்கி. எல்லாரும் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள், ரத்தம் எடுக்காமல் அவர்கள் காபி குடிக்க முடியாது.

மீதியை மாலையில் சொன்னாள். அந்த மூன்று வீட்டிலும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். கை மட்டும் நடுங்கவில்லை. கடைசி வீட்டு மாமி, ஊசி உள்ளே இருக்கும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டிம்மா, என் ரத்தத்தைப் பார்த்தா உனக்குச் சிரிப்பா வரதா?"

"இல்ல மாமி. நான் ஒரு பெரிய படம் எடுக்கப் போறேன். இப்பத்தான் சொன்னாங்க."

"பேஷ்" என்றாராம் மாமி. "முதல்ல பஞ்சை வை."