அடி எடுத்துக் கொடுத்த ஞாயிறுகள்

போன வாரம் வேலூர்ச் சந்தையில் ஒருவர் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. சர்க்கரை நோயாளிக்குப் பலா எதற்கு என்று வீட்டில் திட்டுவார்கள். இருந்தாலும் நாலு சுளை தின்றேன். மனசு நேராக ஜவ்வாது மலைக்குப் போய்விட்டது, நான் முதன்முதலில் வாத்தியாராக வேலை பார்த்த ஊரின் சின்ன ஆலயத்துக்கு.

பலாக் காலத்தில் அந்த ஆலயமே பழுத்துக் கிடக்கும். மறுநாள் சந்தைக்கு இறக்க வேண்டிய காய்களை ஞாயிறன்றே வாசலில் அடுக்கிவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். பிரசங்கத்தின்போது பலர் கண்ணை மூடியிருந்தது தியானத்தில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

போதகர் திருப்பத்தூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். பஸ் அப்படி. மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் என் தலையில் விழுந்தது. சபையில் வேறு யாருக்கும் எழுத்து தெரியாது. நான் புத்தகத்தைப் பார்த்து ஓர் அடியைப் பாடி எடுத்துக் கொடுக்க வேண்டும். சபை அதையே திருப்பிப் பாடிவிட்டு அடுத்த அடிக்கு என் வாயைப் பார்த்துக் காத்திருக்கும்.

வேலூரில் பாடகர் குழுவில் இருந்தவன் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. குரலை உச்சிக்கு ஏற்றுவேன். சபையோ முணுமுணுக்கும். வாயைத் திறந்து பாடுங்கள் என்று கெஞ்சினேன், அதட்டினேன். இரண்டே வாரத்தில் இவர்களுக்குப் பக்தி போதாது என்று முடிவு கட்டிவிட்டேன். போதகர் வந்ததும் இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன். நான் விட்டால் மாதத்தில் ஒரு நாள்தான் ஆலயம் திறக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது ஞாயிறு, பாட்டின் நடுவில் ஓர் ஆடு உள்ளே வந்து என் வேட்டி நுனியைக் கடித்தது.

"யாராச்சும் இந்த ஆட்டத் தொரத்துங்க" என்றேன், சாதாரணக் குரலில்.

எடுத்துக் கொடுத்தால் பாடுவதுதானே வழக்கம்? மொத்தச் சபையும் அதை ராகத்தோடு, கூரை ஓடு அதிரப் பாடியது. ஆட்டை யாரும் துரத்தவில்லை.

முடிந்ததும் குப்பம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், புளி உலுக்கப் போகிறவர்.

"சாரு, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"இன்னாங்க, சொல்லுங்க."

"ஆட்டுப் பாட்டு எங்க தொண்டைக்கு எட்டுச்சி. மத்ததெல்லாம் நீங்க ஒசரத்துல வெச்சிக்கினு பாடுறீங்க. நாங்க எப்படி ஏறுறது?"

வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் பேசுகிற குரலிலேயே தொடங்கினேன். அன்று அவர்கள் பாடியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்கு முன் எந்த மேடையிலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. போதகரிடம் விலகல் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மலையில் இருந்த வரைக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அந்த ஆலயத்துக்குப் போயிருந்தேன். சுவரில் பெரிய திரை. பாட்டு அதில் வரிவரியாக ஓட, எல்லோரும் பார்த்துப் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். குப்பம்மா மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பாடலியா?" என்று கேட்டேன்.

"எனக்கு இப்ப யாரு சாரு எடுத்துக் குடுக்குறாங்க?" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்த வழக்கத்தை ஒழித்தது யார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. திரையைப் பார்த்துப் பாடியவர்களில் பாதிப்பேருக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.