தின்னர் பட்ட புண்ணுன்னு நம்பிக்கிட்டிருந்த அண்ணன்

இன்னைக்கு ஸ்கூட்டர் கீறலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்துல ஒரு மனுஷனப் பாத்தேங்க. கார் பெயிண்டர். காது மடல்ல எப்பவும் ஏதோ ஒரு காரோட நிறம் ஒட்டியிருக்குறதால பட்டறையில அவருக்குப் பேரு ‘கலரு’. வண்டிய மறந்துட்டு மத்தியானம் பூரா அவர் கதையத்தான் கேட்டேன். எழுதச் சொன்னதும் அவரேதான். விஷயம் ஆணுறுப்பப் பத்தினது, நெளியாம படிங்க.

பெயிண்டருங்களுக்கு, பெயிண்டக் கரைக்குற தின்னர்தான் சோப்பு. கைய அதுல கழுவிட்டு அப்படியே பாத்ரூம் போயிடுவாங்க. பட்ட இடம் எரிஞ்சு சிவந்து தானா ஆறிடும். புதுசா சேர்றவன் அலறினா பட்டறையே சிரிக்கும். அதனால முன்தோலுக்கு அடியில வழவழன்னு ஒரு சிவப்புத் திட்டு வந்தப்ப கலரண்ணன் அசரவே இல்ல. ஆனா அது போகல. வலியும் இல்ல. மருந்துக்கடையில தொடையிடுக்குல அரிப்புன்னு புளுகி, படைக் களிம்பு வாங்கிப் பூசினாரு. கொஞ்சம் வெளுக்கும், விட்டா மறுபடி சிவக்கும். ஒரு வருஷத்துக்கு மேல இதே பொழப்பு.

யார்கிட்ட சொல்வாரு? பட்டறையில சொன்னா மறுநாளே வேற பட்டப்பேரு. அண்ணிகிட்ட சொன்னா எங்க போய் வாங்கிட்டு வந்தேன்னு கேப்பாங்க. வீட்ல மாமியாரு, புள்ளைங்க, ஒரே ஒரு பாத்ரூம். தாழ்ப்பாள் போட்டா உடனே யாராவது தட்டுவாங்க. தூசி வராம நாலு பக்கமும் அடைச்ச பெயிண்ட் ரூம்தான் கதி. முகமூடியோட உள்ள போய், கதவச் சாத்தி, டார்ச் அடிச்சுப் பாப்பாராம்.

“வெளிய வந்தாலும் உள்ளயே இருக்குற மாதிரிதான் தம்பி இருக்கும்”னாரு.

முதுகுவலின்னு சொல்லித் தனியாப் படுத்தாரு. பாவம், அண்ணி தைலம் வாங்கி வெச்சாங்க. அப்புறம் பேச்சையே கொறச்சுட்டாங்க.

கடைசியில கை வெடிப்புக்குன்னு தோல் டாக்டர்கிட்ட போனாரு. ஒரு அம்மா. கையப் பாத்துட்டு, வேற எங்கயாவது இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு. கதவுக் கைப்பிடியப் புடிச்சவரு அப்படியே திரும்பி வந்து உக்காந்து, தின்னர் கதையச் சொன்னாரு.

“தின்னர் பட்டதுன்னா எப்பவோ ஆறியிருக்கும். ஆறாதத வெறும் கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது”னு சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, துளியூண்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க.

ரிசல்ட் வந்துச்சு. புத்துநோய் இல்ல. ஆனா மேல்தோல்ல இருக்குற செல்லுங்க மாற ஆரம்பிச்சிருக்கு, சும்மா விட்டா சிலபேருக்கு அது புத்துநோயில கொண்டு விட்டுடும். அண்ணனுக்கு உறுப்பையே எடுத்துடுவாங்கன்னு ஒதறல். அதெல்லாம் வேணாம், முன்தோல நீக்கிட்டு, அது ஆறினதும் சில வாரம் ஒரு களிம்பு, அப்புறம் விடாம செக்கப்புன்னாங்க. அப்பாடான்னு எந்திரிச்சாரு. அப்பதான் அடுத்தது: இதுக்குப் பின்னாடி உடலுறவுல பரவுற ஒரு வைரஸ் இருக்கு, பல வருஷம் சத்தமில்லாம உடம்புல கிடக்கும், வீட்ல சொல்லி அவங்களயும் கர்ப்பப்பை வாய் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க.

சொல்லாம இருந்தா அண்ணி உடம்புக்கு ஆபத்து. சொன்னா குடும்பம் ஒடையும். நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லாம, அண்ணியப் பின்னாடி உக்கார வெச்சு வண்டி ஓட்டிக்கிட்டே முன்னாடி பாத்துச் சொல்லிட்டாரு.

“வண்டிய ஓரங்கட்டு”ன்னாங்களாம் அண்ணி. எறங்கி நின்னு கேட்டது ஒரே வார்த்தை. “யாரு?”

கல்யாணத்துக்கு முன்னாடி, வெளியூர்ல வேலை செஞ்சப்பன்னு உண்மையச் சொன்னாரு.

அதுக்கு அண்ணி, “உனக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சுத் தெனம் அழுதேன்யா. வாயத் தொறந்திருக்கலாம்ல”னாங்களாம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க.

அண்ணிக்கு டெஸ்ட்ல எதுவும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு களிம்பு போட்ட வாரங்கள்ல தோலு உரிஞ்சு, அண்ணன் வாத்து மாதிரி நடந்தாராம். இப்ப திட்டு போயிடுச்சு, செக்கப் மட்டும் ஓடுது. அண்ணி பேசுறாங்களான்னு கேட்டேன்.

“செக்கப் நாள ஞாபகப்படுத்துவா. அதுக்கு மேல பேச்சு இன்னும் வரல”னு சொல்லிட்டு முகமூடிய மாட்டிக்கிட்டாரு.

ஆம்பளைங்களா, ஆறாத திட்டோ புண்ணோ இருந்தா களிம்பு பூசி மறைக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. இத உங்க வேலை க்ரூப்ல போடுங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், எவனோ ஒருத்தன் தாழ்ப்பாள் போட்டுட்டுப் படிப்பான்.