சின்னச்சாமியின் மோட்டாரை ஏன் வாங்கவில்லை?

"அந்தப் புள்ளைக்கு என்னங்க வேலை?"

"கவர்மெண்டுக்குச் சாமான் வாங்கிக் குடுக்கறதாமா."

"அதுக்கு எதுக்குங்க காலேஜு?"

சரவணம்பட்டி பஸ்ஸில் என் பின் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது. அந்தப் புள்ளை நான்தான். திரும்பிப் பதில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன். குடிநீர் அலுவலகத்துக்குப் பொருள் வாங்குவது சுலபம். ஏன் வாங்கினோம் என்று எழுதிவைப்பதற்குத்தான் காலேஜ், அதுவும் போதவில்லை. பெரிய தொகைக்கு எது வாங்கினாலும் எதற்கு, யாரிடம், என்ன பேசி என்று ஒன்று விடாமல் பதிய வேண்டும், அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, எங்கள் பிரிவில் வாங்குவது இளைத்து எழுதுவது பெருத்துவிட்டது. கோப்புகளோடு மாரடிக்கும் சக ஜீவன்களுக்கு நான் சொல்வது புரியும்.

தேவைக்கான ஆதாரம்

தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் நீரேற்று நிலையம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் சரோஜாக்கா. அங்கிருந்த மோட்டார் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றால் அந்த ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. புதிது வாங்க வேண்டுமென்றால் பழையதற்கு என்ன கோளாறு என்று ஆதாரம் காட்ட வேண்டும். அக்கா மோட்டாரின் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். என் மேசையில் அதைப் போட்டதும் பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள் நிலநடுக்கம் என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள்.

சத்தத்தைக் கோப்பில் எப்படிச் சேர்ப்பது? எங்கள் கண்காணிப்பாளர் கந்தசாமி சார் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "கேக்கறத அப்படியே எழுதிப்போடுங்க அம்மணி" என்றார். 'கட கட கட, கிரீச், கட கட' என்று தட்டச்சு செய்து, சரிபார்க்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கடைசியில டொம்முனு ஒண்ணு வருமுங்க அம்மணி, அத உட்டுப்போட்டீங்களே. அதுதானுங்க மெயினு."

பேச்சுவார்த்தை

மோட்டாருக்கு விலை கேட்டு நாங்கள் போட்ட கடிதத்துக்கு இரண்டு பேர் விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று கோவையில் ஒரு கம்பெனி. மற்றொருவர் மேட்டுப்பாளையத்தில் மோட்டார் கடை வைத்திருக்கும் சின்னச்சாமி. விற்பவரோடு பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் பதிய வேண்டும் என்கிறது சட்டம். அதை எழுதியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் பேசிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

சின்னச்சாமி வந்து உட்கார்ந்தார். "வாங்க, வாங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கந்தசாமி சார் ஆரம்பித்தார். "சௌக்கியமுங்க. உங்க பக்கம் மழைங்களா?" "எங்கீங்க! மேகம் வருது, எட்டிப் பாக்குது, போயிருது." பாக்கு விலை, மலைப்பாதையில் பஸ் நின்றது, சாரின் முழங்கால் வலி, அதற்கு சின்னச்சாமி சொன்ன எண்ணெய். நான் விரல் வலிக்கத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து செருப்பு மாட்டும்போது, "அப்பறமுங்க, அந்த மோட்டாரு?" என்றார். "பாக்கலாமுங்க" என்றார் சார். அவ்வளவுதான். பக்கம் பக்கமாக அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். சின்னச்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எம்பட பொண்ணுக்கு வரன் முடிஞ்சது உட்டுப்போச்சுங்களே அம்மணி, அதையுஞ் சேத்திப்போடுங்க."

நிராகரிப்புக்குக் காரணம்

சின்னச்சாமியின் மோட்டார் மலையடிவார மேல்தொட்டி வரை தண்ணீர் ஏற்றாது. பாதி உயரத்தில் நின்றுவிடும். அவர் கொடுத்த விவரத்தாளே அப்படித்தான் சொன்னது. ஆகவே கம்பெனி மோட்டார்தான். ஆனால் மற்றவரை ஏன் ஒதுக்கினோம் என்று கண்காணிப்பாளர் தன் கைப்பட எழுத வேண்டும். கந்தசாமி சார் எழுதினார்: 'மிகவும் நல்ல மனிதர். நாணயமான குடும்பம். வாக்குத் தவறாதவர்.'

கோப்பு திரும்பி வந்தது. 'இவ்வளவு நல்லவரை ஏன் நிராகரித்தீர்கள்?' என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. சார் இன்னும் கொஞ்சம் புகழ்ந்து அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி ஏத்தாதுன்னு எழுதிடலாமே சார்" என்றேன். அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊரே படிக்கற எடத்துல அப்படி எழுதிப்போட்டு, அவரு ஊட்டுக் கல்யாணப் பந்தியில எப்படிங்க உக்கோந்து சாப்புடறது?"

டொம்

கோப்பு நகர்வதற்குள் பழைய மோட்டார் அந்தக் கடைசி டொம்மைப் போட்டுவிட்டு நின்றது. ஊரில் குழாய்கள் வறண்டன. குடத்தோடு வந்தவர்கள் எல்லாரும் சரோஜாக்காவைத்தான் கேட்டார்கள். அக்கா எங்களைக் கேட்டார். லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தோம். பெரிய தொட்டியில் நிரப்பிவிட்டு லாரி போயிற்று. தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று அதிகாலையில் போன் செய்து கேட்டேன்.

"வந்துச்சுங்க அம்மணி, ஆனா சனத்துக்கு முன்னால ஆனை வந்துருச்சுங்க."

பத்திரிகை

அன்றைக்கே சின்னச்சாமி கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டார். கந்தசாமி சார் மேசையிலிருந்த கோப்பின் மேல் சாப்பாட்டுப் பையை வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். வெற்றிலை பாக்குத் தட்டை வாங்க இன்னொரு கைதான் மிச்சம்.

சௌக்கியம் விசாரித்தார்கள். மழை விசாரித்தார்கள். என் போன் அடித்தது, சரோஜாக்கா. போனைக் கவிழ்த்து வைத்தேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, "உங்க மோட்டார் அந்த மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்துமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏத்தாதுங்களே" என்றார் சின்னச்சாமி, மழை இல்லை என்று சொன்ன அதே குரலில்.

"அப்பறம் ஏனுங்க வெல குடுத்தீங்க?"

"நீங்க மதிச்சுக் கடுதாசி போட்டிருந்தீங்க அம்மணி. முடியாதுன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிருமுங்களே. நீங்களா வேண்டாம்னு சொல்லீருவீங்கன்னு இருந்தேனுங்க."

கந்தசாமி சார் கண்ணைத் திறந்தார். சாப்பாட்டுப் பையை நகர்த்திக் கோப்பை விரித்து, பேனா மூடியைக் கழற்றி, 'இவருடைய மோட்டார் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றாது' என்று எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த சின்னச்சாமியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்தார்.