முனியசாமி சொன்ன ‘மட்டும்’

நாரணாபுரத்து அழகுமீனா பத்து வருஷம் பட்டாசு ஆபீஸில், அதாவது ஆலையில், சரவெடி பின்னியவள். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, முப்பத்தி நாலாவது வயதில் விருதுநகர் வக்கீல் ராஜபாண்டியனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தமிழ் வாக்குமூலங்களை மதுரை ஹைகோர்ட்டுக்காக இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும்.

சித்திரையில் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஷெட் தீப்பிடித்தது. முத்துமாரி என்ற பெண்ணுக்கு முதுகும் கையும் வெந்துவிட்டன. போர்மேன் முனியசாமி உள்ளே இருந்தும் அவளைக் காப்பாற்றாமல் ஓடிவிட்டார் என்று போலீஸ் வழக்குப் போட்டது. அவரோ அந்நேரம் யாரிடமும் சொல்லாமல் சாத்தூருக்குப் போயிருந்தார். முன்ஜாமீன் மனுவோடு அவருடைய வாக்குமூலத்தையும் மொழிபெயர்த்து இணைத்தாள் அழகுமீனா.

திங்கட்கிழமை மனு விசாரணைக்கு வந்தபோது, அரசு வக்கீல் அதையே எடுத்து வாசித்தாராம். தான் மட்டுமே அங்கே இருந்ததாக முனியசாமி ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. வழக்கு வியாழனுக்குத் தள்ளிப்போயிற்று.

மறுநாள் காலையில் முனியசாமியின் மனைவி குருவம்மாள் வக்கீல் ஆபீஸுக்கு வந்து ராஜபாண்டியன் முன்னால் நின்றாள்.

“எய்யா, அவுக அங்கன இல்லவே இல்ல. ‘நான் மட்டும் அங்கன இருந்திருந்தா அந்தப் புள்ளைய இழுத்து வெளிய போட்டுருப்பேனே’ன்னு சோறு திங்காம அழுதுக்கிட்டுல்ல கெடக்காக!”

கேட்டுக்கொண்டிருந்த அழகுமீனா ஓடிப்போய் ஃபைலைப் பிரித்தாள். அவளிடம் இருந்தது மங்கலான ஜெராக்ஸ். ‘நான் மட்டும் அங்கன இருந்திருந்’ வரைக்கும் தெரிந்தது. மிச்சம் காகித மடிப்பில் அழிந்திருந்தது. அன்றைக்கு இருந்த அவசரத்தில், மனுவோடு ஒப்பிட்டுக்கூடப் பார்க்காமல், ‘தேன்’ என்று அவளாக முடித்து மொழிபெயர்த்திருந்தாள். ஏக்கம் ஒப்புதலாகிவிட்டது.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குருவம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“சார், தப்பு என்னோடது” என்றாள்.

ராஜபாண்டியன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

“மூலப் பிரதிக்கு ஆள் அனுப்புறேன். நீங்க திருத்தி எழுதுங்கம்மா” என்றார்.

எழுத உட்கார்ந்தாள். பரீட்சையில் எழுதாமல் விட்டு வந்த பகுதி இது. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் இங்கிலீஷில் வினையின் காலம் ஒரு படி பின்னால் போகும். நடக்காமலே போனதை நினைத்து ஏங்கிய வாக்கியமோ ஏற்கெனவே கடைசிப் படியில் நிற்கிறது. அதை அசைக்கக் கூடாது. அவர் மட்டும் அங்கே இருந்திருந்தால் என்ற பொருள் வர, ‘இஃப் ஒன்லி ஹி ஹேட் பீன் தேர்’ என்று எழுதி, மூன்று தடவை சரிபார்த்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ராஜபாண்டியன் மதுரையிலிருந்து கூப்பிட்டார்.

“ஜாமீன் கிடைச்சிருச்சு. ஜட்ஜ் மூலப் பிரதிய வாங்கி, தமிழ்லயே சத்தமா வாசிச்சுப் பாத்தார். முத்துமாரியும் ஆஸ்பத்திரியில இருந்து, ‘அண்ணாச்சி அங்கன இல்ல’ன்னு எழுதிக் குடுத்துட்டா. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துருமாம்.”

“சரி சார்” என்று போனை வைத்தாள் அழகுமீனா. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, முகம் கழுவுகிற சாக்கில் ஆசைதீர அழுதாள். இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் கண் மூடியவளில்லை. அன்று சிவகாசி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.