தண்டல் இனிகோ நிறுத்திய மாத்திரை

மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிகளில் வாலிபத்திலிருந்தே ஓடியவர் இனிகோ. பிற்பாடு தண்டலாகி, தோணியையே நடத்தினார். அவர் ஒரு சத்தம் கொடுத்தால் பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். ரத்தக்கொதிப்பை மட்டும் அவர் ஒரு நோயாக மதித்ததில்லை. அது உள்ளுக்குள்ளேயே இருந்து இரண்டு சிறுநீரகத்தையும் தீர்த்துவிட்டது. அதன்பின் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கைதான்.

"கடலெல்லாம் சுத்துன ஆளு, இப்படி ஊசியில கட்டிப்போட்ட மாதிரி கெடக்கியளே அண்ணாச்சி" என்பார் பக்கத்துப் படுக்கையில் கிடக்கும் ஏரலைச் சேர்ந்த வாழைக்காய் வியாபாரி செந்தூர்பாண்டி. இனிகோ சிரிக்க மாட்டார்.

பிறகு இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியது. அப்படித் துடித்தால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடும், பக்கவாதம் வரும் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார் டாக்டர் சிவப்பிரகாஷ். கீரையில் வைட்டமின் கே உண்டு, அதை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துத் தின்றால் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்றும் சொன்னார். எதற்கு வம்பென்று இனிகோவின் மனைவி பிளாரன்ஸ் கீரை வாங்குவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள் கெண்டைக்காலில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. எங்கோ இடித்துக்கொண்டது என்று நினைத்தார். அது கறுத்து, வெடித்து, புண்ணாயிற்று. போர்வை பட்டாலே அலறினார். புயலில் கை முறிந்தபோதுகூட வாய் திறக்காத மனிதர்.

எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய்கள் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரிந்தன.

"டயாலிசிஸ் ஆளுகளுக்குக் குழாய்ல சுண்ணாம்புச் சத்து படியும் அண்ணாச்சி" என்றார் டாக்டர். "அதைத் தடுக்க ஒடம்புல ஒரு புரதம் இருக்கு. அது வேலை செய்ய வைட்டமின் கே வேணும். நம்ம மாத்திரை அந்த வைட்டமினத்தான் முடக்குது. தோலுக்குப் போற சின்னக் குழாய் அடைச்சு இப்படிப் புண்ணாயிருக்கு."

"அப்போ நிறுத்திருவோமா சார்?" என்றாள் பிளாரன்ஸ்.

"நிறுத்தினா பக்கவாதம் வரலாம். வேற மாத்திரை இருக்கு. ஆனா இவருக்கு ஏற்கெனவே வயித்துல ரத்தம் கசிஞ்சிருக்கு, அதைக் கொடுக்கவும் பயமா இருக்கு. ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸ் அழுதாள். "கை கால் விளங்காம, வாய் கோணிப் போச்சுன்னா என்னங்க செய்ய?"

"கெடந்தா கெடக்கேன் ஏளா. ராவும் பகலும் நாய் கடிச்சுக் குதறுத மாதிரி இருக்கு. நாந்தான் சொல்லுதேன், நிறுத்து."

அவளே மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

டாக்டரிடம் சொன்னதும், டயாலிசிஸின்போது புண்ணுக்கென்று ஒரு மருந்து ஏற்றினார்கள். ஏற்றும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் மாதக்கணக்கில் புண்ணின் ஓரம் மெல்ல மெல்லச் சுருங்கியது. பனிமயமாதா கோயில் கொடியேற்றத்துக்கு இனிகோ யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போய் நின்றார். பிளாரன்ஸுக்கு அன்று சோறு இறங்கியது.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், டயாலிசிஸுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போடும்போது வலதுகை நழுவியது. பிளாரன்ஸைக் கூப்பிட்டார். பேர் வாயில் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அவள் ஓடி வருவதற்குள் விழுந்துவிட்டார்.

உயிர் தப்பியது. பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. இப்போது ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு போய் அதே படுக்கையில் கிடத்துகிறார். செந்தூர்பாண்டி கேலி பேசுவதை விட்டுவிட்டார். இனிகோவின் இடதுகையை எட்டித் தொட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

"நாந்தானே நிறுத்தச் சம்மதிச்சேன். நான் ஒரு வார்த்த மாட்டேன்னு சொல்லியிருந்தா..." என்று வீட்டில் பிளாரன்ஸ் கட்டிலருகே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். இனிகோவுக்கு எல்லாம் விளங்குகிறது. 'உன் தப்பு இல்ல ஏளா, நாந்தான் கேட்டேன், வலி போயிருச்சுல்லா' என்று முழுசாக உள்ளே வருகிறது. உதட்டைக் குவித்து, நெற்றி நரம்பு புடைக்க முயல்கிறார். "ஆ... ஆ..." என்கிறார்.

"தண்ணியா வேணும்?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். டயாலிசிஸ் ஆளுக்கு நாளெல்லாம் அளந்துதான் தண்ணீர். தம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டு வந்து, சிந்தாமல் தாடையைத் தாங்கிப் பிடிக்கிறாள்.

இனிகோ குடிக்கிறார்.